தலைக்கும் தரைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கதிர் கல்லூரியில் சேர்ந்ததும் பைக் வாங்கியதும் படித்து ரொம்பச் சந்தோஷம். ஹெல்மெட்டின் வெளி ஓடு கெட்டியாக இருந்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். கடையில் எல்லாரும் அதைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். நீ உள்ளே இருக்கும் தெர்மாகோலைப் பார்.

நீ பத்தாம் வகுப்புக்கு நடத்தும் கணத்தாக்குதான் இது: விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம். பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டு 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தலை கீழே வந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 6 மீட்டர். தலை 5 கிலோ என்றால் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது, 30. ஹெல்மெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 30 பூஜ்யமாகியே தீர வேண்டும். எவ்வளவு நேரத்தில் ஆகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறுந்தலை 2 மி.மீ. நசுங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்: நேரம் 0.7 மில்லிநொடிகூட இல்லை, சராசரி விசை 45,000 நியூட்டன். தெர்மாகோல் 20 மி.மீ. நசுங்கிக் கொடுத்தால் நேரம் ஏறக்குறைய 7 மில்லிநொடி, விசை 4,500. பத்தில் ஒரு பங்கு.

பைக் 60 கி.மீ. வேகத்தில் போயிருந்தாலும், தரையை நோக்கி விழும் வேகம் இவ்வளவுதான். முன்னோக்கிய வேகம் சறுக்கலில் கழியும். ஓடு வழவழப்பாக இருப்பது அதற்காக. அடியைத் தெர்மாகோலின் அதிகப் பரப்புக்குப் பரப்புவதும் ஓட்டின் வேலை. சுவரிலோ லாரியிலோ நேராக மோதினால் இந்தக் கணக்கு செல்லாது.

30 மி.மீ. தெர்மாகோலில் 20 மி.மீ. அளவுக்குத்தான் நசுங்க இடம் உண்டு. அதற்குமேல் அது கட்டியாகி, விசை சட்டென்று ஏறிவிடும். ரொம்பக் கெட்டியான தெர்மாகோலும் ஆகாது, நசுங்கவே நசுங்காது. நசுங்கியது திரும்ப எழும்பாமல் இருப்பதும் நல்லதே. பந்துபோல் எம்பினால் உந்த மாற்றம் 30க்கும் மேலே போகும். காதருகே இருக்கும் மெத்தென்ற ஸ்பாஞ்ச் இறுக்கமாகப் பொருந்துவதற்கு மட்டும், அடியைத் தாங்காது.

நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது என்பதால், தலையோடு ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஸ்பாஞ்சைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் தெர்மாகோலில் மயிரிழை விரிசலோ பள்ளமோ தெரியலாம், தெரியாவிட்டாலும் மாற்று. காலி ஹெல்மெட் கைதவறி விழுந்தால் அவ்வளவு பயமில்லை, பார்த்துவிட்டுப் போடலாம்.

கதிரிடம் கண்டிப்பாகச் சொல்: வண்டிக் கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டக் கூடாது. கண்ணாடியின் முனை தினமும் ஒரே இடத்தில் அழுத்திக் குழி போட்டுவிடும். அந்த இடத்தில் 20 மி.மீ. இருக்காது. பெட்ரோல், தின்னர் பட்டால் தெர்மாகோல் கரைந்தே போகும்; துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரையைப் பார்த்த பிறகு, போட்டுப் பட்டையை மாட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார். கழன்று வந்தால் அது வேண்டாம். தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் நுழையக் கூடாது.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, தையல் டேப்பால் கதிரின் தலையைச் சுற்றி அளந்து எழுது. 58 செ.மீ. என்றால் பெரும்பாலும் மீடியம் சரியாக இருக்கும். இங்கே நல்லதாகப் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்