தெருவை நாமளே வரையலாம்டி

அடியே எப்படி இருக்க, நைட் டியூட்டி இன்னும் அப்படியேதான் போகுதா? உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போடணும்னு உக்காருவேன், ட்யூஷன் பசங்க வந்துடுவாங்க, அப்புறம் மெட்ரோ வாட்டர் வந்துடும், அப்புறம் அம்மாவுக்குத் துணையா சீரியல், அப்படியே போயிடுச்சு. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலிதான், ஸ்டான்லில காட்டி மாத்திரை ஓடுது. பெரியவன் பாலிடெக்னிக் முடிச்சுட்டு அம்பத்தூர்ல அப்ரண்டிஸ். சின்னவளுக்கு படிப்பு ஏறல, ஆனா கேரம்ல யாரும் பக்கத்துல வர முடியாது, கொருக்குப்பேட்டைல பொறந்துட்டு அதுகூட வரலன்னா எப்படி.

நீ எழுதினது படிச்சு எனக்கு கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சுடி. அங்க இங்கிலாந்துல உங்க ஏரியா ஆளுங்களே சேர்ந்து ப்ளான் போட்டு, எங்க வீடு கட்டலாம், எந்த மைதானத்தை தொடக்கூடாது, கடைத்தெரு எப்படி இருக்கணும்னு எழுதி, அதுக்கு ஓட்டெடுப்பு வச்சு, நீயும் போய் ஓட்டு போட்டுட்டு வந்தேன்னு சொன்னியே. இந்தியன் பாஸ்போர்ட்ட வச்சுட்டு நீ அங்க உன் தெருவுக்கு ஓட்டு போடுற, இங்க பொறந்து வளர்ந்த என்னை எங்க தெருவுல என்ன வரணும்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்க குடியிருந்தா உள்ளாட்சி ஓட்டு உண்டுன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அதுக்கப்புறம் அதைப் பத்தி தேடித்தேடி படிச்சேன். 2011ல லோக்கலிசம் சட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்க, பஞ்சாயத்து மாதிரி கவுன்சில் இருக்கற ஊர்ல அவங்களே ப்ளான் போடலாம், இல்லாத இடத்துல குறைஞ்சது 21 பேர் சேர்ந்து ஃபோரம் ஆரம்பிக்கணும். ப்ளான் எழுதி முடிச்சா வெளி ஆள் ஒருத்தர் வந்து பரிசோதிப்பாரு, அப்புறம் ஓட்டெடுப்பு, போட்ட ஓட்டுல பாதிக்கு மேல வந்தா அது சட்டப்படி செல்லுபடி ஆயிடும், நாளைக்கு ஒரு பில்டர் வந்து அப்ளிகேஷன் குடுத்தாலும் அந்த ப்ளானை வச்சுத்தான் பாக்கணும். முதல் ஓட்டெடுப்பு 2013 மார்ச்ல கம்ப்ரியா பக்கம் அப்பர் ஈடன்ங்கற கிராமத்துப் பகுதில நடந்திருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்சது அந்தக் காசு மேட்டர்தான். கட்டடம் கட்டுறவன் கிட்ட வசூலிக்கற லெவி இருக்கற ஊர்ல, அதுல 15 சதவீதம் அந்த ஏரியாவுக்கே, ப்ளான் போட்டு வச்சிருந்தா 25 சதவீதம். அப்படி காசை முன்னாடி வச்சு கூப்பிட்டா யார்தான் மீட்டிங்குக்கு வரமாட்டா.

ஆனா ஒண்ணு, வீடே கட்டக்கூடாதுன்னு அந்த ப்ளான்ல எழுத முடியாதாம், மேல இருக்கற கவுன்சில் இத்தனை வீடுன்னு சொன்னா அதைக் குறைக்க முடியாது, எங்க எப்படின்னு வேணா சொல்லலாம். அது நியாயம்தான். இல்லன்னா ஏற்கனவே வீடு வச்சிருக்கறவன் எல்லாம் சேர்ந்து புதுசா யாரும் உள்ள வராத மாதிரி கதவை சாத்திக்குவான். இன்னொண்ணும் படிச்சேன், இந்த ப்ளான் எல்லாம் கிராமம், வசதியான ஏரியா இங்கதான் அதிகமா நடக்குதாம், கஷ்டப்படுற சிட்டி ஏரியால கம்மிதானாம். நேரம் இருக்கறவன், மேப் படிக்கத் தெரிஞ்சவன், ரிட்டயர்டு இன்ஜினியர், இவங்க இருக்கற எடத்துலதான இதெல்லாம் ஓடும். உங்க மீட்டிங்ல வந்தவங்க எப்படிப்பட்டவங்கன்னு நீ எழுதவே இல்லையே, உன்ன மாதிரி ஷிஃப்ட் பாக்கற நர்ஸ் எத்தனை பேர் வந்தாங்க?

இப்போ நம்ம கதைக்கு வரேன். 2023ல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு ஆயிரம் கோடின்னு அறிவிச்சாங்க, 2024 மார்ச்ல தொடங்கி வைக்கும்போது அது 4,181 கோடின்னு வந்துடுச்சு. சந்தோஷம்தான்டி, நான் குறை சொல்லல, இத்தனை வருஷமா அனல் மின் நிலையம், குப்பைக் கிடங்கு, ரிஃபைனரி, உரம்னு யாருக்கும் வேணாம்ங்கறத எல்லாம் நம்ம பக்கம் தள்ளினவங்க இப்ப காசு கொண்டு வராங்கன்னா வரட்டும். ஆனா எங்க தெருல இருந்து பாத்தா என்ன தெரியும், ஒரு நாள் தகர ஷீட் அடைப்பாங்க, பள்ளம் தோண்டுவாங்க, அப்பதான் இங்க ஏதோ வருதுன்னு தெரியும். என்ன வருதுன்னு லேபரைக் கேட்டா அவருக்கும் தெரியாது, பாவம் அவரு பீகார்லேந்து வந்தவரு.

மேப்பை யார் கைல வச்சிருக்காங்கங்கறதுதான் எல்லாமேன்னு எனக்கு எப்ப உறைச்சுதுன்னா அந்த எண்ணூர் விஷயத்துலதான். உனக்கு ஞாபகம் இருக்கும், 2017ல பெரிய பேச்சா இருந்துச்சு. கடலோர ஒழுங்குமுறைக்காக 90கள்ல ஒப்புதல் வாங்கின பழைய மேப்ல எண்ணூர் கழிமுகம் முழுசா இருக்கு, ஆர்டிஐ போட்டுக் கேட்டா வேற ஒரு மேப்பைக் குடுக்கறாங்க, அதுல கழிமுகத்தையே காணோம். ஆறு இருக்கு, அலையாத்தி இருக்கு, எறா புடிக்கற மனுஷன் இடுப்பளவு தண்ணில நிக்கறான், பேப்பர்ல மட்டும் அங்க ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாத எடத்துல என்ன வேணா கட்டலாம் இல்லையா. நிலக்கரி சாம்பல் அங்க போய் படிஞ்சதுக்கு அந்த மேப்பும் துணை போச்சுன்னுதான் நான் சொல்லுவேன். மீனவ ஊர்க்காரங்க எந்த எடத்துக்கு என்ன பேர், எங்க ஆழம், எங்க எறா, எங்க மடவை எல்லாம் வாயாலயே சொல்லிடுவாங்க, ஆனா அது சர்க்கார் மேப்ல ஏறாத வரைக்கும் அவங்க அறிவுக்கு மதிப்பில்ல.

இதை எல்லாம் எங்க மகளிர் குழு மீட்டிங்ல புலம்பினேன். குழுல ஒரு அக்காவோட பொண்ணு ஆர்க்கிடெக்சர் படிக்குது, அது சொல்லுச்சு, ஆன்ட்டி புலம்பறதை விட்டுட்டு நம்ம தெருவை நாமளே வரையலாம்னு. சேட்டிலைட் படத்தை பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்துச்சு, ட்யூஷன் பசங்க கைல ஸ்கெட்ச் பேனா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்து தெரு எல்லாம் சேர்த்து நடக்க ஆரம்பிச்சோம். மழைத்தண்ணி நிக்கற எடம் நீலம், லைட் எரியாத எடம் கருப்பு, லாரி நிக்கற எடம் சிவப்பு. ஒரே தெருதான், ஆனா ஆளாளுக்கு வேற வேற தெரு வெளிய வந்துச்சுடி. ஆம்பளைங்க பார்க்கிங்கையும் ரயில்வே கேட்டையும் குறிச்சாங்க, கூட்ஸ் வண்டிக்கு கேட் சாத்தினா ஆம்புலன்ஸ் நிக்கறதை குறிச்சாங்க. பொம்பளைங்க குறிச்சது பஸ் ஸ்டாப்லேந்து உள்ள வர்ற இருட்டு சந்து, அடி பம்ப், கழிவுநீர் கலந்து வர்ற பைப். பசங்க குறிச்சதுதான் யாருமே எதிர்பாக்காதது, கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கற ஒரு முனை, அங்க டிரைவருக்கு பின்னாடி வர்ற சைக்கிள் தெரியாதாம், ஸ்கூல் போற புள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியல. வயசான தாத்தா ஒருத்தர் ஒரு எடத்தைக் காட்டி இது குட்டை, நான் இதுல குளிச்சிருக்கேன்ங்கறாரு, அங்கதான் வருஷா வருஷம் முட்டி அளவு தண்ணி. வடிகால் எத்தனை தோண்டினாலும் அந்தத் தண்ணி தன் வீட்டுக்குத்தான வரும். பக்கிங்காம் கால்வாய் நிறைஞ்சு நின்னா வடிகால்ல போன தண்ணி திரும்பி உள்ள வருதுங்கறதும் கால்வா ஓரத்து வீட்டுக்காரங்க சொன்னதுதான், எந்த வாசல்ல முதல்ல ஏறும்னு வரிசையாவே சொல்றாங்க.

இதுவரைக்கும் கேட்டா அழகா இருக்கும், நீ எல்லாரும் ஒத்துமையா இருந்தீங்கன்னு நினைச்சுக்குவ. சண்டையே அதுக்கப்புறம்தான். என்ன பிரச்சனைன்னு குறிக்கறது ஈசி, என்ன வேணும்னு எழுதறதுதான் கஷ்டம். முனைல மீன் விக்கற அக்காங்க இருக்காங்கள்ல, அவங்களுக்கு தண்ணி குழாயும் மேல ஒரு கூரையும் வேணும்னு நாங்க எழுதினோம், சொந்த வீட்டுக்காரங்க சில பேர் அவங்களை அங்கேந்து எடுத்தாதான் தெரு நீட்டா இருக்கும்ங்கறாங்க. காலி எடம் ஒண்ணு இருக்கு, பசங்க ஃபுட்பால் ஆட வேணும்ங்கறாங்க, பெரியவங்க பெஞ்சு போட்டு பார்க் வேணும்ங்கறாங்க, பெஞ்சு போட்டு கேட்டு போட்டா நாளைக்கு பந்தோட உள்ள விடமாட்டாங்கன்னு பசங்களுக்கு நல்லாத் தெரியும். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இதுல என்ன பேச்சுன்னு ஒரு ஹவுஸ் ஓனரு வாயை விட்டாரு பாரு, எனக்கு வந்துச்சே கோவம், தெருல முக்காவாசி வாடகைதான், தண்ணி லாரிக்கு குடத்தோட நிக்கறது அவங்கதான்.

ஆனா என்னை யோசிக்க வச்சது வேற. ஒரு பொண்ணு, அயர்ன் கடைக்காரரு சம்சாரம், மெதுவா சொல்லுச்சு, அக்கா லைட்டு போடு ரோடு போடுன்னு எல்லாம் எழுதறீங்க, எல்லாம் வந்துட்டா ஓனர் வாடகையை ஏத்திடுவாரு, அப்ப நாங்க எங்க போறதுன்னு. எனக்கு பதில் வரலடி. மெட்ரோ 2021ல வண்ணாரப்பேட்டைலேந்து விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் ஸ்டேஷன் பக்கத்துல வீடு தேடுறவங்களைக் கேட்டுப் பாரு. அதனால அந்த மேப் மேலயே பெருசா எழுதிட்டோம், இந்தத் தெருல இப்ப குடியிருக்கறவங்களும் இப்ப வியாபாரம் பண்றவங்களும் இங்கயே இருக்கணும்னு. அதை வரைய கலர் ஒண்ணும் கிடைக்கல, எழுத்தாத்தான் போட்டோம். சட்டப்படி அதுக்கு ஒரு பலமும் இல்லன்னு தெரியும், இருந்தாலும் படிக்கறவன் முதல்ல அதைப் படிக்கட்டும்.

இதைக் கொண்டு போய் எங்க குடுக்கறதுன்னு பாத்தா, கிராமத்துக்கு கிராம சபை இருக்கற மாதிரி சிட்டிக்கும் ஏரியா சபைன்னு 2022ல ரூல்ஸ் போட்டிருக்காங்க. 74ஆவது திருத்தம் 1992லயே வந்தது, வார்டு கமிட்டி வேணும்னு அதுலயே இருக்கு, முப்பது வருஷம் கழிச்சு இங்க ரூல்ஸ் வந்திருக்கு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலினே பம்மல்ல போய் உக்காந்து ஏரியா சபை நடத்தினாரு. வருஷத்துக்கு நாலு தடவ கூடணும். ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி உண்டு, ஆனா அவரை நாம ஓட்டு போட்டு எடுக்கல, நியமனம்தான். எங்களுக்கு எப்ப நடக்குது எங்க நடக்குதுன்னே தெரியாது, ஃபோட்டோ வாட்ஸ்அப்ல வரும்போதுதான் நடந்து முடிஞ்சதே தெரியும். இந்தத் தடவ முன்னாடியே போய் தேதி கேட்டு, போர்டு வைக்கச் சொல்லி, மேப்பை சுருட்டி எடுத்துட்டு போனோம்.

மத்தவங்க எல்லாம் மனு கொண்டு வந்தாங்க, லைட் எரியல, குப்பை எடுக்கல, பட்டா குடுங்க. தப்பில்ல, ஆனா மனுன்னா அதை வாங்கி வச்சுக்குவாங்க, ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போட்டு அந்தந்த டிபார்ட்மென்டுக்கு அனுப்பிடுவாங்க, முடிஞ்சது. மேப்பை டேபிள் மேல விரிச்சதும் இன்ஜினியர் எழுந்து வந்து குனிஞ்சு பாத்தாரு. இங்க குட்டை இருந்துச்சா, யார் சொன்னதுன்னு கேட்டாரு. தாத்தா கையத் தூக்கினாரு. அந்த லாரி முனைக்கு கண்ணாடியும் ஸ்பீடு பிரேக்கரும் எஸ்டிமேட் போடறேன்னாரு, அது உடனே நடந்துடுச்சு. குட்டை விஷயம் மேல பேசணும்ங்கறாரு. மீன் கடை கூரை பத்தி யாரும் வாயே திறக்கல. மினிட்ஸ் நோட்டுல மேப்போட நகலை ஒட்டணும்னு நாங்க அடம் புடிச்சோம், ஒட்டினாங்க. அது போதுமான்னு கேட்டா போதாதுதான், உங்க ஊர் மாதிரி அதுக்கு சட்டத்துல எடம் இல்ல, நாளைக்கு வேற ஆபீசர் வந்தா அவரு அந்த நோட்டைத் திறக்கணும்னு கட்டாயமே இல்ல.

எனக்கு ஒண்ணு தோணுது, உங்க ஊர்ல சட்டம் இருக்கு, ஆனா கஷ்டப்படற தெருவுக்கு அது போய் சேரல. இங்க தெருல பேச ஆள் இருக்கு, வாய் இருக்கு, எடத்தைப் பத்தின அறிவு இருக்கு, அதைக் கொண்டு போய் வைக்க ஒரு சட்டம் இல்ல. சென்னைக்கு ரெண்டாவது மாஸ்டர் ப்ளான் 2008ல வந்தது, 2026 வரைக்கும்தான் அதுக்கு கணக்கு, அடுத்தது 2046 வரைக்கும் போகும். மாஸ்டர் ப்ளான்ல நம்ம தெரு ஒரு கலர் பொட்டு, அவ்ளோதான், இந்த சர்வே நம்பர் குடியிருப்பு, அந்த சர்வே நம்பர் தொழிற்சாலைன்னு. அதுக்குள்ள ஒவ்வொரு வார்டும் தன் மேப்பைப் போட்டு வைக்கலாம், ஏரியா சபைல நிறைவேத்தினது மாஸ்டர் ப்ளானுக்கு உள்ளயே ஒரு பகுதின்னு ஒரு வரி எழுதினாப் போதும்னு நான் நினைக்கறேன். கேரளாவுல 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சப்ப திட்டக் காசுல மூணுல ஒரு பங்குக்கு மேல கீழ இருக்கற அமைப்புகளுக்கே குடுத்தாங்க, அதனாலதான் அங்க மக்கள் கூட்டத்துக்கு வந்தாங்க. காசு இல்லாம கருத்து மட்டும் கேட்டா எத்தனை நாளைக்குத்தான் வருவாங்க, கூலி வேலை விட்டுட்டு வரணும்ல.

குப்பைக் கிடங்கு இருக்கற கொடுங்கையூர் ஆளுங்க குப்பை எரிக்கற ஆலை வேணாம்னு இன்னும் நிக்கறாங்க, அங்க மகளிர் குழுலேந்து எங்க மேப்பை பாக்கணும்னு கேட்டிருக்காங்க, அடுத்த மாசம் போறேன். அவங்க வேணாம்ங்கறதை மட்டும் இல்லாம அந்தக் கிடங்கை தோண்டி சுத்தம் பண்ணி முடிச்சா அந்த நிலத்துல என்ன வேணும்ங்கறதையும் இப்பவே வரைஞ்சு வைக்கணும்னு எனக்கு ஆசை. காலி நிலம் வந்துச்சுன்னா கண்ணு வைக்க நிறைய பேர் இருப்பாங்க.

நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. உங்க ப்ளான் புக்கோட பிடிஎஃப் இருந்தா அனுப்பு, முக்கியமா அந்த பாலிசிங்கள ஒவ்வொண்ணா எப்படி வாசகம் போட்டிருக்காங்கன்னு பாக்கணும், பொண்ணு அதைத் தமிழ்ல நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி எழுதறேங்குது. வாடகைக்காரங்களைப் பத்தி அதுல ஏதாவது வரி இருந்தா தனியா குறிச்சு அனுப்புடி. வரும்போது சின்னவளுக்கு ஃபாரின் சாக்லேட் எல்லாம் வேணாம், கேரம் பவுடர்தான் கேக்குறா, அது இங்கயே கிடைக்கும், நீ வா போதும். அம்மா உன்னைக் கேட்டாங்க.