எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ராத்திரி முழுக்கப் படுக்கவைத்து, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று உடம்பில் வயர் ஒட்டிப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி எடுக்கும் மருத்துவமனைகளுக்கு, அங்கே தேதி கொடுக்கும் ரிசப்ஷன்காரர்களுக்கு, வயர் ஒட்டும் டெக்னீஷியன்களுக்கு, எல்லோருக்கும் சேர்த்து வணக்கம்.

கேட்பது ஒன்றுதான். தேதி கொடுக்கும் அன்றைக்கே தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும், பையில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கு எதைச் செய்யக்கூடாது என்று நம் வீடுகளில் புழங்கும் பொருள்களின் பெயரைச் சொல்லியே எழுதிக் கொடுங்கள்.

என் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது, "ஃப்ரீயா டிரஸ் போட்டுக்கிட்டு எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா", அவ்வளவுதான். தேதி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமையில். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் என்பது எங்கள் வீட்டில் இன்னும் மாறவில்லை. சூடு தணிந்தால் நல்லாத் தூக்கம் வரும் என்று அம்மா காலையில் நல்லெண்ணெய் வைத்துத் தலைமுழுகி, சாயங்காலம் கிளம்பும்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் தலைவாரி, பூவும் வைத்துக்கொண்டு வந்தார். வயர் ஒட்டிய தம்பி பொறுமையான பையன், ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. ஆனால் ஒட்டுவது ஒட்டுவது வழுக்கிக்கொண்டே வந்தால் அவர்தான் என்ன செய்வார்? நான் கீழே ஓடிப்போய் ஷாம்பு பாக்கெட் வாங்கிவர, அந்த நேரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர் பச்சைத் தண்ணீரில் தலையை அலசி, துண்டு கொண்டுவராததால் புடவைத் தலைப்பில் துவட்டிக்கொண்டு, ஏசி அறையில் ஈரத்தலையோடு படுத்தார். அப்படிப் படுத்தவருக்கு எப்படித் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்தை அளந்து என்ன தெரிந்துகொள்வது என்பதுதான் என் ஆற்றாமை.

தலையில் ஒட்டும் வயர்கள் மூளையின் மின் அலைகளைப் பிடிப்பவை, அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா, எந்த ஆழத்தில் தூங்குகிறார் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட்டில் டாக்டர் முதலில் பார்க்கும் எண், ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை தடவை பத்து விநாடிக்கு மேல் நின்றது அல்லது குறைந்தது என்பது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 5 முதல் 15 வரை லேசு, 15-லிருந்து 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். தூங்கிய நேரமே சரியாகப் பதிவாகவில்லை என்றால் மூச்சு நின்ற தடவைகளை எதால் வகுப்பது? ராத்திரி முழுக்க விழித்து, பணமும் கட்டிய சோதனை ஒரு கரண்டி எண்ணெயால் கெடக்கூடாது. ஷாம்பு போட்டுக் குளித்துத் தலையை நன்றாக உலர்த்திக்கொண்டு வாருங்கள், எண்ணெய், கண்டிஷனர், ஜெல், பூ எதுவும் வேண்டாம் என்று எழுத இரண்டு வரி போதும்.

உடைக்கு வருகிறேன், இதில்தான் நம் ஊர்ப் பெண்கள் படும் சங்கடம் அதிகம். ஃப்ரீயான டிரஸ் என்றால் எங்களுக்கு நைட்டி. முன்பக்கம் திறக்காத நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்தால் நெஞ்சில் ஒட்ட வேண்டியதற்கும், முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலுக்கு முன்பக்கம் ஒட்ட வேண்டியதற்கும் மொத்தத்தையும் தூக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி புரண்டு படுத்தால் சுருண்டு மேலே ஏறிவிடுகிறது, எதிரே கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிச் சொல்லி வருந்தியது இதைத்தான். முன்னால் பட்டன் வைத்த தளர்வான பருத்திச் சட்டை, காலை முழங்கால் வரை சுருட்டிவிடக்கூடிய தொளதொளப்பான பேண்ட் என்று இரண்டு தனித்தனி உடையாகச் சொல்லியிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆண்களுக்கும் இதே கதைதான், கைலி கட்டிப் படுத்தே பழகியவர் கால் வயரோடு புரண்டால் கைலி ஒருபக்கம், வயர் ஒருபக்கம் போகும். கைலிதான் வேண்டும் என்பவர் உள்ளே ட்ரவுசர் போட்டுக்கொண்டு வரட்டும். வழுவழுப்பான சாட்டின், பாலியஸ்டர் துணி வேண்டாம், மார்பிலும் வயிற்றிலும் கட்டும் பெல்ட் அதன்மேல் நழுவும்.

கேமராவைப் பற்றியும், குறட்டையைப் பதியும் மைக்கைப் பற்றியும் அந்தத் தாளிலேயே சொல்லிவிடுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கலாமா, எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தலையில் முக்காடு போடும் இஸ்லாமியப் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம், தலையைத் திறந்துதான் ஒட்ட வேண்டும் என்பது அங்கே வந்தபிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

நகை விஷயத்தில் ஒருவரும் வாய்திறந்து கேட்பதில்லை, தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயம்தான். கழற்ற வேண்டியதில்லை, ஒட்டிய இடத்தில் உரசாமல் ஒதுக்கிவைத்துக்கொண்டால் போதும் என்றால் அதை அப்படியே எழுதுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும். காதுக்குப் பின்னாலும் வயர் வருவதால் ஜிமிக்கி குத்தும், மூக்கில் குழாய் வைப்பதால் பெரிய மூக்குத்தி இடிக்கும், இவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம். நெற்றியில் திருநீறு, குங்குமம், சந்தனம், முகத்திலும் கழுத்திலும் பவுடர், காலில் தைலம், இவை இருந்தால் துடைத்த பிறகே ஒட்ட முடியும். விரல் நுனியில் மாட்டும் கிளிப் ஒளியை ஊடுருவவிட்டு ஆக்சிஜனை அளக்கிறது, நெயில் பாலிஷும் அடர்த்தியான மருதாணியும் அதற்கு இடைஞ்சலாகலாம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கையோடு வருபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் புதுச்சேரிக்கு வருகிறவர் துண்டை மறந்துவிட்டேன் என்று பஸ் ஏறித் திரும்பிப் போக முடியாது. துண்டு, போர்வை, பழகிய தலையணை, பல்செட் டப்பா, கண்ணாடிக் கூடு, பழைய சீட்டுகள், ராத்திரி மாத்திரைகள். இதில் மாத்திரையை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். சோதனைக்குப் போகிறோம் என்றதும் வெறும் வயிற்றில் போகவேண்டுமோ, பிரஷர் மாத்திரையை நிறுத்தவேண்டுமோ என்று தாங்களாகவே முடிவுசெய்துகொள்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர் அதை முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை உள்ளவர் ஊசியும் பிஸ்கட்டும் எடுத்துவாருங்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்று எழுதுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பகலில் படுக்க வேண்டாம் என்பதையும்தான். நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்குப் பகல் தூக்கம்தான் தூக்கம், அவருக்குத் தேதி கொடுக்குமுன் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வயரோடு எப்படி எழுந்து போவது என்ற பயத்தில் அம்மா சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. எல்லா வயரும் ஒரே பெட்டியில் சேர்கின்றன, கூப்பிட்டால் அதைக் கழற்றிக் கையில் கொடுத்து பாத்ரூம் அனுப்புவார்கள் என்பது அவருக்கு நடுராத்திரியில்தான் தெரிந்தது. அதேபோல மூச்சு ரொம்ப நின்றால் பாதி ராத்திரியில் எழுப்பி, காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் முகமூடி மாட்டிப் பார்ப்பீர்கள் என்றால், மாட்டும் வாய்ப்பு உண்டு என்று முன்னாலேயே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் திடீரென்று முகத்தில் எதையாவது வைத்தால் நம் பெரியவர்கள் ஆக்சிஜன் வைக்கிறார்கள், முடிந்தது கதை என்றுதான் நினைப்பார்கள். கூட வருபவர் எங்கே படுப்பது என்பதும் தெரியவேண்டும், அவர் அதே அறையில் படுத்துக் குறட்டை விட்டால் மைக்கில் அதுவும் விழும்.

விடிந்ததும் தலையெல்லாம் பேஸ்ட் பிசுபிசுப்பாக இருக்கும். வெந்நீரும் ஷாம்புவும் இருந்தால் போய்விடும், உங்களிடம் வெந்நீர் கிடைக்குமா இல்லையா என்று எழுதுங்கள். இல்லையென்றால் தலைக்கு ஒரு சால்வையாவது கொண்டுவருவார்கள். சரியாகத் தூங்காத ராத்திரிக்குப் பிறகு அவர்களே வண்டி ஓட்டிக்கொண்டு கடலூர் சாலையில் போகக்கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், உங்கள் டெக்னீஷியன் ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டு வாயால் சொல்லுங்கள். காலையில் கூப்பிட்டால் பலர் எண்ணெய் தேய்த்து முடித்திருப்பார்கள்.