அப்புச்சிக்கு ஒரு கடிதம்

ஜெர்சி சிட்டி
தை மாதம்

அன்புள்ள அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் பேரன் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் இன்னும் பழகவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து வெளியே வந்தால் வெயிலைப் பார்க்க முடிவதில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாயியிடம் சொல்லுங்கள். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் இந்தியக் கடைகள் தெரு முழுக்க இருக்கின்றன. கொள்ளுகூடக் கிடைக்கிறது, கடைந்தால் அம்மாயியின் பக்குவம்தான் வருவதில்லை.

இந்தக் கடிதம் வேறொரு விஷயத்துக்காக. நீங்கள் உடுக்கையடித்துப் பாடும் பொன்னர் சங்கர் அண்ணன்மார் கதையைக் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்யப் போவதாக மாமா போனில் சொன்னார். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். அப்புச்சி, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நம் ஊர் நோம்பியில், கோயில் வாசலில், சனங்கள் நடுவில் நீங்கள் பாடும்போதே பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இங்கிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நியூயார்க். அங்கே கிரீன்விச் வில்லேஜில் வில்லேஜ் வான்கார்ட் என்று ஓர் இடம். மேக்ஸ் கார்டன் என்பவர் 1935ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. தெருவிலிருந்து படியிறங்கி நிலவறைக்குள் போக வேண்டும். ஒரு பக்கம் ஒடுங்கிப்போகும் சின்ன அறை, 120 பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். கூட வேலை செய்யும் நண்பன் அங்கே ஜாஸ் கேட்கக் கூட்டிப் போனான். முதலில் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுகிறார்கள். அப்புறம் அந்தக் கட்டுக்குள்ளேயே அந்த நேரத்தில் தோன்றுவதை ஒவ்வொருவரும் வாசிக்கிறார்கள். போன நோம்பியில் சொன்ன இடத்தையே அடுத்த நோம்பியில் நீங்கள் வேறு விதமாகச் சொல்வீர்களே, அது போலத்தான்.

அதே நிலவறையில் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேர் வாசித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பியானோ பில் எவன்ஸ், டிரம்ஸ் பால் மோஷன், ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் என்ற தந்தி வாத்தியம் ஸ்காட் லஃபாரோ. மத்தியானம் இரண்டு தடவை, ராத்திரி மூன்று தடவை கச்சேரி. அதிலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன. இந்தக் குளிரில் ராத்திரி ராத்திரியாக நான் கேட்பது அதைத்தான். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதென்று ஹெட்போனில் கேட்கிறேன்.

முதலில் காதில் விழுவது கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம். யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அதற்கு நடுவே பியானோ மெதுவாக ஆரம்பிக்கிறது. அந்தச் சத்தம் எதையும் அவர்கள் நீக்கவில்லை. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் ஒலி அறுந்திருக்கிறது, 2005ல் வந்த முழுத் தொகுப்பில் அதையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தங்கள் இருப்பதால்தான் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைத்ததாகத் தோன்றுகிறது.

எவன்ஸ் தன் அண்ணன் மகள் டெபிக்காகச் செய்த ஒரு மெட்டு அதில் இருக்கிறது. மூன்று தட்டுத் தாளத்தில் தொடங்கி நான்குக்கு மாறும். அதில் லஃபாரோவைக் கேட்கும்போதெல்லாம் உங்களுக்குப் பின்பாட்டுப் பாடும் மாமாவின் ஞாபகம்தான். பேஸ்காரர் என்றால் பெரும்பாலும் அடியில் தாளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பவர். இவர் அப்படி நிற்பதில்லை. பியானோ ஒன்று சொன்னால் அதற்குப் பதில் சொல்கிறார், சில சமயம் முந்திக்கொண்டு கேள்வியே கேட்கிறார். நீங்கள் அண்ணன்மாரின் தங்கை தங்காளின் புலம்பலில் மூச்சு வாங்கும் இடத்தில் மாமா "ஆமா" என்று எடுத்துக் கொடுப்பாரே, அந்த ஒரு சொல்லில் கதை மேலே ஏறும். இரண்டு பேரையும் தனித்தனி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்தால் அந்த "ஆமா" எப்படி வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராவது நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடையேறவில்லை. முதலில் வந்த ஆல்பத்துக்கு லஃபாரோவின் வாசிப்பு நன்றாகத் தெரியும் பாட்டுகளாகவே பார்த்துப் பொறுக்கினார்கள். அவர் செய்த இரண்டு மெட்டுகளும் அதில் உண்டு. அன்றைக்கு டேப் ஓடியிருக்காவிட்டால் அந்த மூன்று பேர் அப்படி வாசித்தது அந்த அறையோடு போயிருக்கும். மாமாவும் மகன் வீட்டோடு பெங்களூர் போகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த நோம்பியைத் தவற விட வேண்டாம் என்கிறேன்.

நம் பக்கத்துக்கு இது புதிதுமில்லை. 1965ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, ராத்திரி ராத்திரியாக ஊர்ச் சனங்கள் முன்னால் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் எடுத்தார். அந்தக் கதைக்கு அத்தனை ராத்திரி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கச் சொல்வார்கள். நீங்கள் எதை விடுவீர்கள்? அண்ணன்மார் மாண்டு விழும் படுகளத்தையா?

நல்ல ரெக்கார்டர் ஒன்று தம்பி பேரில் அனுப்புகிறேன். ஒரு மைக் உடுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், இன்னொன்று சனங்களைப் பார்த்து. ரேடியோசெட்டின் ஒலிபெருக்கிக் குழாயை மட்டும் தூரத்தில் கட்டச் சொல்லுங்கள், அது பக்கத்தில் இருந்தால் உடுக்கையின் நாதமே கெட்டுவிடும். குழந்தை அழுதாலும், படுகளத்தில் பெண்கள் அழுதாலும் யாரையும் அடக்க வேண்டாம். நீங்கள் எப்போதும் போலப் பாடுங்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நானே வந்து மைக்கைப் பிடித்துக்கொள்கிறேன், கிடைக்காவிட்டாலும் என்னால் பதிவு நிற்க வேண்டாம். கோயில் சாட்டும் நாள் தெரிந்ததும் தம்பியை விட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். மாமாவிடம் நானும் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பேரன்