காகிதம் பார்க்க ஆள் வேண்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டொர்னாடோ சுழல்காற்று அடித்த ஊர் உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரம்தான், நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து பழைய துணி, போர்வை எல்லாம் மூட்டை கட்டி இந்தச் சனிக்கிழமை வேனில் கொண்டு போகிறோம் என்றாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. போகாதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் துணி வேண்டாம். இன்னொன்று, இந்தச் சனிக்கிழமையைவிட, ஆறு மாதம் கழித்து அங்கே யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சனிக்கிழமையில் நீ போய் நின்றால் அதற்கு மதிப்பு பல மடங்கு. போனில் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜாப்லினில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா ஏன் வார இறுதியில் வீட்டில் இருப்பதே இல்லை என்று கேட்பாய். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்தே முக்கால் மணி வாக்கில் அந்த டொர்னாடோ ஜாப்லினுக்குள் நுழைந்தது. மிசூரி மாநிலத்தில், நம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து மேற்கே 70 மைலில் இருக்கிற ஊர் அது. டொர்னாடோவின் வலிமை இ.எஃப்-5, அதாவது அளவுகோலின் கடைசிப் படி. ஏறத்தாழ ஒரு மைல் அகலத்துக்கு ஊரின் நடுவே வழித்துக்கொண்டு போனது. 161 பேர் போய்விட்டார்கள். ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊரில் 7,000க்கும் மேற்பட்ட வீடுகள் சேதம். செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் ஜன்னல்கள் எல்லாம் வெடித்து, ஜெனரேட்டரும் போய், இருட்டில் 183 நோயாளிகளை ஒன்றரை மணி நேரத்தில் படிக்கட்டு வழியாக வெளியே கொண்டு வந்தார்கள். அந்த நர்சுகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

முதல் சில வாரங்களுக்கு ஆள் பஞ்சம் என்ற பேச்சே இல்லை. அமெரிகார்ப்ஸ் என்ற தேசியத் தொண்டுத் திட்டத்தின் செயின்ட் லூயிஸ் இளைஞர்கள் அன்றிரவே கிளம்பி வந்து, காணாமல் போனவர்களைத் தேடுவதற்கான போன் லைனையும், மிசூரி சதர்ன் பல்கலைக்கழகத்தில் தொண்டர் பதிவு மையத்தையும் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். சதர்ன் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் மரம் அறுக்கும் ரம்பங்களோடும் பெரிய சமையல் வண்டிகளோடும் வந்தார்கள். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வந்தார்கள். தைவானிலிருந்து உருவான பௌத்த அமைப்பு சூ சி, வீடு இழந்தவர்கள் கையில் நேராகப் பண அட்டையைக் கொடுத்தது. முதல் ஓராண்டில் பதிவு செய்த தொண்டர்கள் மட்டும் 1 லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பதிவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உன் நண்பர்களிடமும் சொல். எங்கே போய் வேலை செய்தாலும் முதலில் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் கையுறை போட வேண்டும். மத்திய அரசு ஒரு ஊருக்குக் குப்பை அள்ளவும் கட்டடம் கட்டவும் பணம் தரும்போது, ஊரும் மாநிலமும் தங்கள் பங்கைப் போட வேண்டும். தொண்டர்கள் உழைத்த மணி நேரத்துக்கு ஒரு விலை வைத்து, அதை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ளலாம். ஜாப்லின் அப்படித்தான் பெரிய தொகையை மிச்சம் பிடித்தது. கையெழுத்துப் போடாமல் நாள் முழுக்க உழைத்துவிட்டுத் திரும்பினால், உழைப்பு சேரும், ஊருக்குச் சேர வேண்டிய பணம் சேராது.

துணி விஷயம். நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக வந்து இறங்கியது. குளிர்கால கோட்டு, ஒற்றைச் செருப்பு, துவைக்காத சட்டை. அதைப் பிரிக்கவும், அடுக்கவும், வைக்கக் கிடங்கு பிடிக்கவும், கடைசியில் பாதியைத் தூக்கிப் போடவும் எத்தனை பேருடைய நேரம் போனது தெரியுமா? கூரையே இல்லாதவர் அலமாரிக்கு எங்கே போவார்? நன்கொடைக் கிடங்கு நடத்துவதில் அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், ஜாப்லினிலும் அவர்கள்தான் தாங்கினார்கள். வசூலிக்கிற காசை உள்ளூர் மீட்புக் குழுவுக்கே அனுப்பிவிடுங்கள். பணமாகப் போனால் ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். அவரும் அடிபட்டவர்தானே.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். புயல் அடித்த சில நாளில் ஒரே கூரையின் கீழ் எல்லா உதவி அமைப்புகளையும் உட்கார வைத்து ஒரு மையம் திறப்பார்கள். மிசூரியில் அதை 'மார்க்' என்பார்கள். செஞ்சிலுவைச் சங்கம், ஃபீமா என்கிற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு, மாநில அலுவலகங்கள், தேவாலயங்கள், இலவச வழக்கறிஞர்கள் என்று மேசை மேசையாக இருக்கும். காணாமல் போன ஓட்டுநர் உரிமத்துக்கும், மருந்துச் சீட்டுக்கும், வாடகைக்கும் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்திலேயே வழி கிடைக்கும். ஏற்பாடு அருமையானது. ஆனால் வீட்டை இழந்த அதிர்ச்சியில், தூக்கமில்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற மனுஷிக்கு எட்டு மேசையில் எட்டு விதமான படிவம் என்றால் எப்படி இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து, "இதைக் கொடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்" என்று ஒருவர் சொன்னாலே அவர்களுக்குப் பாதி உயிர் திரும்பி வரும்.

ஃபீமாவிடமிருந்து முதலில் வருகிற கடிதத்தில் பெரும்பாலும் 'தகுதியில்லை' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு விதியே என்று இருந்துவிடுவார்கள். அதை முழுக்கப் படித்தால், பல சமயம் அது மறுப்பாகவே இருக்காது. காப்பீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்ற கடிதம் இல்லை, அல்லது அந்த வீட்டில்தான் குடியிருந்தார் என்பதற்கு மின்கட்டண ரசீது இல்லை என்று இருக்கும். காப்பீடு கொடுத்தது போக மீதிக்குத்தான் ஃபீமா தரும், அதனால் அந்தக் கடிதம் வராமல் அவர்களால் அடுத்த அடி வைக்க முடியாது. 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு காகிதத்தை இணைத்து அனுப்பினால் போதும் என்ற நிலையில் எத்தனையோ குடும்பங்கள் கைவிட்டதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

அதே போல் எஸ்.பி.ஏ. சிறுதொழிலுக்கான அலுவலகம் என்று பெயரைப் பார்த்துவிட்டு, 'நமக்கு எதற்கு, நாம் என்ன கடையா வைத்திருக்கிறோம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பேரிடருக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பது அவர்கள்தான். ஃபீமாவின் மானியத்தை மட்டும் நம்பி வீடு கட்ட முடியாது. 2011இல் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சமே 30,200 டாலர்தான், பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்தது.

ஜாப்லினில் நான் உதவி செய்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். தன் அம்மா இறந்த பிறகும் வீட்டை அந்த அம்மா பெயரிலேயே வைத்திருந்தார். வரி கட்டிக்கொண்டு, ஓட்டை அடைத்துக்கொண்டு, நிம்மதியாக இருந்தவர். புயலுக்குப் பிறகு, வீடு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். வரி ரசீதுகளைத் தேடி எடுத்து, ஊர் அலுவலகத்தில் நகல் வாங்கி, இலவச வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து வாரிசுப் பத்திரம் தயார் செய்ய மாதக்கணக்கில் ஆனது. 2021க்குப் பிறகு ஃபீமா இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறது. வேறு வழியே இல்லாதபோது, வாரிசாகக் குடியிருப்பவர் தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியையும் ஏற்கிறார்கள். உன் பக்கத்து ஊரிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு இந்த விதி மாறியது தெரிந்திருக்காது.

அரசு, காப்பீடு, கடன் எல்லாம் முடிந்த பிறகும் கை எட்டாமல் நிற்கிற குடும்பங்கள்தான் கடைசியில் நீண்டகால மீட்புக் குழுவிடம் வருவார்கள். ஊரில் உள்ள தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள், அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்த குழு அது. கேஸ் மேனேஜர், அதாவது குடும்பங்களுக்கு உதவி கிடைக்கும்வரை கூடவே இருந்து கவனிக்கிறவர், அந்தக் குடும்பத்தின் கோப்பைப் பெயர் சொல்லாமல் வெறும் எண்ணோடு மேசையில் வைப்பார். வயதான தம்பதி, ஒருவருக்கு டயாலிசிஸ், கூரைக்கும் குளியலறைக்கும் இவ்வளவு பாக்கி என்பார். ஒரு அமைப்பு பலகை தருகிறேன் என்னும். இன்னொன்று ஆள் தருகிறேன் என்னும். மற்றொன்று குறைகிற தொகையைப் போட்டுவிடும். அரை மணி நேரத்தில் ஒரு வீடு மேசையிலேயே எழும்பி நின்றுவிடும். நான் கணக்குப் பார்க்கிறவனாக அந்த அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை, பாப்பா.

அந்த மேசைக்கு வருகிற கோப்பு முழுமையாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஒரு கேஸ் மேனேஜரிடம் ஏகப்பட்ட குடும்பங்கள் இருக்கும், எல்லாருக்கும் காகிதம் சேர்த்துக் கொடுக்க அவரால் ஆகாது. உன்னை மாதிரி படித்த, பொறுமையான, போனில் நாற்பது நிமிடம் காத்திருக்கத் தயங்காத பிள்ளைகள்தான் அங்கே தேவை. அதுவும் ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும். டிவிக்காரர்கள் எப்போதோ போயிருப்பார்கள்.

வீடு கட்டும் பக்கத்தில், நியூ ஆர்லியன்ஸில் காத்ரீனா புயலுக்குப் பிறகு உருவான செயின்ட் பெர்னார்ட் ப்ராஜெக்ட்காரர்கள் வந்து முறையைக் கற்றுக்கொடுக்க, 'ரீபில்ட் ஜாப்லின்' என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. பள்ளிக்கூடங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹஃப், ஆகஸ்ட் 17 அன்று பள்ளி திறக்கும் என்று புயல் அடித்த சில நாளிலேயே அறிவித்துவிட்டார். சொன்ன தேதியில் திறந்தும் காட்டினார். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் ஒரு ஷாப்பிங் மாலில் காலியாகக் கிடந்த கடையில் நடந்தன. ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்த பணத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. பள்ளி திறக்கும் தேதி தெரிந்ததால்தான் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் தங்கின என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருத்துவமனை வேறு பெயரில், வேறு இடத்தில், 2015 மார்ச்சில்தான் திறந்தது. கிட்டத்தட்ட நான்கு வருடம். நீண்டகாலம் என்று சொல்வது இதைத்தான்.

ஜாப்லினுக்குப் பக்கத்து ஊரான கார்த்தேஜில் ஒரு தேவாலயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காற்று பல மைல் தூரம் தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட குடும்பப் போட்டோக்களை, ஆயிரக்கணக்கில், சேகரித்து, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. எந்த அரசுப் படிவத்திலும் 'அம்மாவின் கல்யாணப் போட்டோ' என்று ஒரு கட்டம் கிடையாது. அதைக்கூட நினைத்துப் பார்த்த மனிதர்கள் இருந்தார்கள்.

சரி, உன் ஆபீஸில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பதிக்கு வருகிறேன். அபார்ட்மென்ட் கூரை போய்விட்டது, எச்-1பி விசா என்பதால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று பேசாமல் இருக்கிறார்கள் என்றாயே. ஃபீமா கையில் தரும் பணத்துக்குக் குடியுரிமை அல்லது பச்சை அட்டை மாதிரியான தகுதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் குழந்தை இங்கே பிறந்தது என்று சொன்னாய். அந்தக் குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால், குழந்தையின் பேரில் பெற்றோர் விண்ணப்பிக்க வழி உண்டு. விதி இப்போதும் அப்படியே இருக்கிறதா என்று மையத்தில் உள்ள இலவச வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொல். தங்குமிடம், சாப்பாடு, மனநல ஆலோசனை, செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவி, இதற்கெல்லாம் யாரும் விசா கேட்கப் போவதில்லை. வாடகைக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் பொருட்களுக்கும் வெளியே தங்கும் செலவுக்கும் பணம் இருக்கும். அபார்ட்மென்ட்காரர்கள் கட்டாயப்படுத்தியதால் எடுத்துவிட்டு, எடுத்ததையே மறந்தவர்கள் நிறைய. ஹோட்டல் ரசீது ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்.

குழந்தை இடி இடித்தால் அழுகிறது என்றாயல்லவா, அதையும் சின்ன விஷயம் என்று விட வேண்டாம். ஜாப்லினில் ஓஸார்க் சென்டர் என்ற மனநல மையம் நடத்திய 'ஹீலிங் ஜாப்லின்' திட்டத்தில் ஆலோசகர்கள் மக்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். இலவசம்தான். அங்கேயும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரி. நம்மவர்கள் இந்த உதவியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை நீ எப்படியும் போவாய் என்று தெரியும். கெட்டியான பூட்ஸ், தோல் கையுறை, டெட்டனஸ் ஊசி, மூன்றும் இல்லாமல் இடிபாட்டில் கால் வைக்காதே. ஜாப்லினில் புயலில் காயம் பட்டவர்களில் 13 பேருக்குக் காயத்தில் மண் புகுந்து மியூகோர்மைகோசிஸ் வந்தது, 5 பேர் இறந்தார்கள். கொரோனா சமயத்தில் நம்மூரில் கருப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, அதேதான். கீறல் பட்டால் உடனே கழுவு, டாக்டரிடம் காட்டு.

போன இடத்தில் அந்த ஊர் மீட்புக் குழு யார் தலைமையில் அமைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. கேஸ் மேனேஜருக்கு உதவியாக மாதத்தில் ஒரு நாள், ஒரு வருடத்துக்கு வருகிறேன் என்று பெயர் கொடு. படிவத்தில் எங்காவது சிக்கினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நானும் கணக்குப் பார்த்துத் தருகிறேன். முதலில் அந்தத் தம்பதியிடம் இன்றைக்கே பேசு. வந்த கடிதங்களை எல்லாம், மறுப்புக் கடிதம் உட்பட, போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பச் சொல். விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

அன்புடன்,
அப்பா