பூசி மூடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ வைத்திருந்த, பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்கான மூன்று மதிப்பீடுகளும் கிடைத்தன. மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். இருப்பதிலேயே குறைவாகக் கேட்பவருக்கு வேலையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த மூன்று தாள்களும் ஒரே வேலையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் பழைய தரையைப் பெயர்ப்பதையும் இடிபாடுகளை அப்புறப்படுத்துவதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இன்னொருவர் குளியலறைக்கு ‘வாட்டர்புரூஃபிங்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு, எந்தப் பொருள், எத்தனை பூச்சு, சுவரில் எவ்வளவு உயரம் வரை என்பதையெல்லாம் விட்டுவிட்டார். குறைந்த தொகை கேட்பவரின் தாளிலோ அந்தச் சொல்லே இல்லை. விடுபட்டவற்றையெல்லாம் வேலையின் நடுவே ‘எக்ஸ்ட்ரா’ என்று கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் அவர்தான் மூவரிலும் அதிகம் வாங்கியவராக இருப்பார்.

ஆகவே முதலில் நீயே ஒரு பட்டியல் எழுது. ஒவ்வோர் அறையாக நின்று, எதை இடிக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும், எந்தக் குழாய் மாற வேண்டும், எத்தனை மின்முனைகள் எங்கெங்கே வேண்டும் என்று எழுதி, ஒரே பட்டியலை மூவரிடமும் கொடுத்து, வரிக்கு வரி தொகை போடச் சொல். அப்போதுதான் அவர்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அப்படி எழுதித்தர மறுத்து, “எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்” என்று சொல்பவரை அங்கேயே விட்டுவிடலாம்.

பட்டியல் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உரிகிறது, அதைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உரிவது நோயின் அடையாளம் மட்டுமே. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எத்தனை முறை அடித்தாலும் அது மறுபடி உரியும். ஒரு பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் நான்கு ஓரங்களிலும் நாடா ஒட்டி இரண்டு நாள் விட்டுவை. தாளின் உட்புறம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அறையைப் பார்க்கும் பக்கம் கோத்திருந்தால், காற்றோட்டம் இல்லாததால் அறையின் ஈரக்காற்றுதான் குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவருக்குள் இருக்கும் ஈரத்திலும் வகை உண்டு. தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை மட்டும் உப்புப் பூத்திருந்தால் அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். உச்சியிலிருந்து கீழே இறங்கினால் கூரையைப் பார்க்க வேண்டும். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பின்னால் ஓடும் குழாய் கசிகிறதோ என்று சந்தேகிக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கூரை ஒழுகும் வீட்டில் முதலில் உள்ளே பெயின்ட் அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவசரம்தான், வேறென்ன சொல்ல.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதாக எழுதியிருந்தாய். அதை அவர் வாய்ச்சொல்லில் விடாதே. மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பதைத் தட்டிப் பார்த்தோ கனத்தைப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, உத்திரங்கள் எப்படி ஓடுகின்றன, அந்தச் சுவருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத்தில் தரட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த வேலை முழுவதிலும் மிகச் சிறிய செலவாக இருக்கும். வீடு பழையது என்பதால் இன்னொன்றும் கேட்டுவிடு: ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் எங்காவது இருக்கின்றனவா, பழைய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கிறதா என்று. இருந்தால், அவற்றை உடைப்பதோ உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ கூடாது. அந்தத் தூசு குழந்தைக்கு ஆகாது.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. இதில் நான் ஒரு முறை நன்றாகப் பட்டவன் என்பது உனக்குத் தெரியும். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது மாடிக் குளியலறையைப் புதுப்பித்தோமே, நினைவிருக்கிறதா? ஒப்பந்தக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். முடித்த வேலைகளின் படங்களைக் காட்டினார், எல்லாம் பளபளவென்று இருந்தன. நான் அலுவலகம் போய்விட்டு மாலையில் திரும்புவதற்குள் கசிவுத் தடுப்புப் பூச்சும் முடிந்து, அதன்மேல் பாதித் தரைக்கு டைல்ஸும் பதித்தாகிவிட்டது. இவ்வளவு வேகமாக வேலை நடக்கிறதே என்று நான் மகிழ்ந்தேன் என்பதுதான் வெட்கம். மூன்றாம் ஆண்டு கீழ் அறையின் மேற்கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் தோன்றியது. பிறகு சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. துரு ஏறிய இரும்பு தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு ஊதும், அது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துவிடும் என்பதை அன்றுதான் ஒரு பொறியாளர் எனக்கு விளக்கினார். தரை முழுவதையும் பெயர்த்தபோது அடியில் பூச்சு என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. உன் அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: கட்டட வேலையில் முக்கியமானவை எல்லாமே கடைசியில் மூடப்பட்டுவிடுபவை. கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது, குழாய் சுவருக்குள் போய்விடுகிறது, கசிவுத் தடுப்பு டைல்ஸுக்கு அடியில் போய்விடுகிறது. ஆகவே மூடுவதற்கு முன் உன்னைக் கூப்பிட்டுக் காட்டச் சம்மதிக்கிறவர் யார் என்பதைத்தான் நீ தேட வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்ற மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் மரியாதைக்காகப் பார்த்துவிட்டு, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்த வீடு ஒன்றைக் காட்டச் சொல். அந்த வீட்டுக்காரரிடம் ‘வேலை நன்றாக இருந்ததா’ என்று கேட்காதே, எல்லோரும் ஆமென்றுதான் சொல்வார்கள். ‘பிறகு ஏதாவது பழுது வந்ததா, கூப்பிட்டபோது அவர் வந்தாரா’ என்று கேள். பிறகு, அவர் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் இடத்துக்குச் சொல்லாமல் ஒரு நாள் போ. சிமென்ட் மூட்டைகள் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது ஈரத்தரையில் கிடக்கின்றனவா? நேற்றுப் பூசிய சுவர் நனைந்திருக்கிறதா? கொத்தனாரின் கையில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இருக்கின்றனவா, அல்லது எல்லாம் கண்மட்டம்தானா? அரை மணி நேரத்தில் உனக்கே தெரிந்துவிடும். உன் வீட்டுக்கு வரப்போவது அதே ஆட்கள்தானா, அல்லது வேலையைப் பிடித்து வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவாரா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடு. மின்வேலை செய்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்; இதில் கூச்சப்படாதே.

பேசியதை எழுத்தில் வை. எந்தெந்த வேலை, எந்தத் தரத்துப் பொருள், பொருளை வாங்கிப் போடுவது யார், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தாமதமானால் என்ன, கசிந்தால் எத்தனை ஆண்டுவரை அவர் பொறுப்பு, வேலையாள் ஒருவருக்குக் காயம் பட்டால் யார் பார்ப்பது, பக்கத்து வீட்டுச் சுவர் சேதமானால் யார் சரிசெய்வது என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும் வேலையா என்பதையும், அதை யார் வாங்குவது என்பதையும் தொடங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள். இடையில் உனக்கு மனம் மாறும், எல்லோருக்கும் மாறும். அந்த மாற்றத்தின் செலவை இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே வேலை நடக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பணம் சிறிதாக இருக்கட்டும். மற்றதைத் தேதிப்படி கொடுக்காமல், முடிந்த வேலைப்படி கொடு: குழாய்கள் போட்டுச் சோதித்த பிறகு ஒரு பங்கு, பூச்சு முடிந்த பிறகு ஒரு பங்கு என்று. கடைசிப் பத்து விழுக்காட்டைக் குறை வேலைகள் எல்லாம் தீர்ந்து, ஒரு மழைக்காலமும் கழியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. ஆனால் கொடுக்க வேண்டியதை ஒரு நாளும் தாமதிக்காதே. கூலி நேரத்துக்குக் கிடைக்காத மேஸ்திரி உன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேறிடம் போவது நியாயம்தான். இதைத் தவிர, மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு தொகையைத் தனியே ஒதுக்கி வை. பழைய சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியவரும்.

வேலை தொடங்கியதும் நீயோ மாப்பிள்ளையோ விடுப்பு எடுத்தாவது நேரில் நிற்க வேண்டிய நாட்கள் சில உண்டு. குளியலறையில் கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, நீர்மட்டத்தைப் பென்சிலால் சுவரில் குறித்து, 48 மணி நேரம் விட்டுவைக்கச் சொல். கீழே ஈரம் தெரியாமல் இருந்து, மட்டமும் சற்றே ஆவியான அளவைத் தவிர இறங்காமல் இருந்தால் டைல்ஸ் பதிக்கலாம். தரைச் சரிவு வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களில் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை அருகில் விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது என்னை வாழ்த்துவாய். மின்வேலையில் ஏசிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் தனித்தனி இணைப்பு, சரியான எர்த், ஆளைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கு.

தண்ணீர் விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கலவையை இளக்கமாக்கினால் பரப்புவது எளிது என்பதால் ஆட்கள் ஒரு வாளி கூடுதலாக ஊற்றிவிடுவார்கள். சிமென்ட்டுக்குத் தண்ணீர் கூடக்கூட கான்கிரீட்டின் வலிமை குறைகிறது என்பதை டஃப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918-லேயே சோதித்து எழுதிவிட்டார். நூறாண்டு கடந்தும் அந்த வாளி நிற்கவில்லை. கலக்கும்போது குறைவாகவும், இறுகிய பிறகு தாராளமாகவும் கொடுக்க வேண்டிய பொருள் அது. போட்ட கான்கிரீட்டும் பூசிய சுவரும் குறைந்தது ஏழு நாள் காயாமல் நனைந்தே இருக்க வேண்டும். ஏழு நாளில் கான்கிரீட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமையைத்தான் எட்டும். கணக்கிட்ட வலிமைக்கு 28 நாள் ஆகும். ஆகவே கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்கும் நாளைப் பொறியாளர் சொல்லட்டும், மேஸ்திரியின் அடுத்த வேலையின் தேதி சொல்ல வேண்டாம். புதுப்பூச்சு நன்றாக உலர ஒரு மாதம் விட்டு, அதன் பிறகு பெயின்ட் அடி. நீ குடிபுக நாள் குறித்திருப்பது அதற்கு முன்பு வருகிறது. ஒரு மாதம் தள்ளிப்போடு, அதுவரை வாடகை வீட்டிலேயே இருங்கள்.

திருத்திய மூன்று மதிப்பீடுகளும் வந்ததும் அனுப்பு. ஒப்பந்தத்தின் வரைவையும் கையெழுத்திடுவதற்கு முன் எனக்குக் காட்டு. என்னுடைய பழைய ரசமட்டத்தை, குமிழி சரியாக நிற்கிறதா என்று திருப்பி வைத்தும் பார்த்துவிட்டு, இந்தக் கடிதத்தோடு தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா