கால்வாய்க்கு மேற்கே உள்ள பழைய வீடுகளைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வைசியாள் வீதி சுற்றுவட்டாரக் குடியிருப்போர்,
புதுச்சேரி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: தமிழர் பகுதிப் பழைய வீடுகளுக்கு இடிப்பு அனுமதி தருமுன் நேரடி ஆய்வு செய்யவும், பழுதுபார்க்க உதவவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பது கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களைத்தான். சரி, அவை அழகுதான். ஆனால் கால்வாயைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்கு வந்தால் வேறு மாதிரி வீடுகள் உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைத் தரைமட்டமாக்கினர். நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியதும், பழைய வீதிக் கோட்டின் மேலேயே மறுபடி வீடுகள் எழுந்தன. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையோ அந்த இடிப்புக்கும் முந்தையது.

அம்மாளிகையில் உள்ள தமிழ், பிரெஞ்சுப் பாணிகளின் கலவையை எங்கள் தெருக்களிலும் பார்க்கலாம். கீழே தெருத் திண்ணை, அதன்மேல் மரத்தூண் தாங்கும் நாட்டு ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே முற்றம். எல்லாம் நம்மூர் முறை. மாடிக்குப் போனால் வளைவுச் சன்னலும் காரைத் தூணும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ்தான் தளம். நல்ல வெயிலிலும் கூடம் குளுகுளுவென்றிருக்கும்.

அண்மையில் எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வீட்டை இடித்தார்கள். தூண்கள் குட்டியானையில் ஏறிப் பழைய மரக்கடைக்குப் போயின. தெருவைத் தொட்டபடி இருந்த திண்ணை, இப்போது ஷட்டர் போட்ட வாகன நிறுத்தம். உரிமையாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பங்காளிகள் ஏழெட்டுப் பேர், தளம் ஒழுகல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. சிமென்ட் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே நின்று உப்புப் பூத்து, அடுத்த மழைக்குப் பூச்சே பெயர்ந்து விழுகிறது. அப்புறம் இடிப்பதுதான் வழி என்றாகிவிடுகிறது.

முடியாத காரியமாக இதை நாங்கள் கேட்கவில்லை. வைசியாள் வீதி முகப்புகள் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடும் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் துணையோடும் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றன. 2014 நவம்பர் மழையில் விழுந்த மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடத்தையும் பழைய தோற்றத்திலேயே அரசு எழுப்பியது. அரசுக் கட்டடத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் குடியிருக்கும் வீடுகளுக்கும் வேண்டும்.

எனவே, இப்பகுதியில் இடிப்பு விண்ணப்பம் வந்தால் அனுமதிக்குமுன் மரபுக் கட்டடம் அறிந்த ஒருவர் நேரில் பார்த்து, முகப்பையும் முற்றத்தையும் அளந்து பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். உள்ளே மாற்றிக் கட்டுவோருக்குத் தடை வேண்டாம். திண்ணையும் தாழ்வாரமும் தெருவில் நிற்கட்டும். ஒழுகும் தளத்தைச் சீர்செய்ய மானியமோ குறைந்த வட்டிக் கடனோ கிடைக்க வழி செய்ய வேண்டும். மூத்த சுண்ணாம்புக் கொத்தனார்கள் இருக்கும்போதே இளைஞர்களுக்கு அவ்வேலையில் பயிற்சியும் தர வேண்டும். ஆய்வு உத்தரவையும் தளம் சீர்செய்யும் உதவியையும் மழைக்காலம் தொடங்குமுன் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வைசியாள் வீதி சுற்றுவட்டாரக் குடியிருப்போர்

இணைப்பு: வீட்டு முகப்புகளின் படங்கள், கையொப்பத் தாள்