நிறம் நீங்கிய நீரெல்லாம் தூய நீராகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவுநீரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த நீர் நிறமின்றித் தெளிந்திருந்ததையே அதன் தூய்மைக்குச் சான்றாகக் காட்டியது. சாயத்துக்கு நிறம் தருவது மூலக்கூறின் ஒரு பகுதிதான். அசோ எனப்படும் செயற்கைச் சாய வகையில் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு அறுந்தாலே நிறம் மறைந்துவிடும்; அதன் இருபுறமும் இருந்த பென்சீன், நாப்தலீன் வளையங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே தங்கிவிடும். பிணைப்பு அறுபடும் விதத்தைப் பொறுத்து அவை அரோமாட்டிக் அமீன்களாகவும் மாறலாம். அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. செலவு குறைவென்று சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்றி நிறத்தை வெளுப்பதில் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் புதிதாக உருவாகும் ஆபத்தும் உண்டு. இதைச் சுத்திகரிப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

வளையங்களையே உடைக்க வல்ல முறைகள் இருக்கின்றன. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் விவரித்த வினையில், அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து, ஹைட்ராக்சில் இயங்குறுப்புகள் எனப்படும், மிகக் குறுகிய ஆயுளும் மிகுந்த வினைத்திறனும் உள்ள துகள்களைத் தருகின்றன. அவை எதிர்ப்படும் கரிம மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சிதைத்து, வினை முழுமையாக நடந்தால், கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடுகின்றன. இதற்கு நீரின் அமிலத்தன்மை பி.எச். 3 அளவில் இருக்க வேண்டும் என்பதால், காரமாக வரும் சாயநீரில் முதலில் அமிலமும் பின்னர் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டியிருக்கிறது. முடிவில் இரும்புக் கசடும் மிஞ்சுகிறது. சாயமேற்றப் பயன்படும் உப்பிலுள்ள குளோரைடு அந்த இயங்குறுப்புகளில் ஒரு பகுதியை வீணாக்குவதும் உண்மையே. ஓசோன் முறையில் இரும்புக் கசடு இல்லை, மின்செலவு மிகுதி.

கழிவுநீரைத் துளியும் வெளிவிடக் கூடாது என்ற நிலை இருக்கும்போது கரிமப் பொருள் எஞ்சினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். எஞ்சுவது, நீரை உப்பிலிருந்து பிரித்து மீட்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுகளில் படிந்து அவற்றை அடைக்கிறது, மீட்கப்படும் நீரின் அளவு குறைகிறது, மிச்சம் ஆவியாக்கும் கொப்பரைக்குப் போய் உப்போடு கலந்து, மறுபயன்பாட்டுக்கு ஆகாத கசடாகக் குவிகிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட நேர்ந்ததையும் அறிந்த ஆயக்கட்டு விவசாயிகளிடம் தெளிந்த நீரின் படத்தை மட்டும் காட்டுவது நியாயமன்று.

ஆகவே, இனி இத்தகைய கட்டுரைகளில் நுழைவு நீர், வெளியேறும் நீர் இரண்டுக்கும் சி.ஓ.டி. (நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜன்) அளவையும் மொத்தக் கரிமக் கார்பன் அளவையும் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டுகிறேன். பெராக்சைடு எஞ்சியிருந்தால் சி.ஓ.டி. அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், அதை நீக்கிய பிறகே சோதித்தார்களா என்றும் செய்தியாளர்கள் விசாரிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இவ்விரு அளவுகளை மாதந்தோறும் தமிழில் வெளியிட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.